மெடிக்கல்காரர் சொல்வதைக் கேட்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். சுகருக்கும் பிரஷருக்கும் மாதா மாதம் தெருமுனை மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறோம், அங்கே நிற்பவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்கிறார்கள். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லைக்குள் நின்று பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சுகரும் பிரஷரும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்ப்போம். நடுவில் எல்லாமே எங்கள் ஊர் மெடிக்கல்தான், பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்வார். "மாத்திரையை விட்டு விட்டுப் போடுகிறீர்கள் போல, இந்தத் தடவை லேட்டா வந்திருக்கீங்க" என்று கடைக்காரர் கேட்டாராம். அப்பாவுக்குக் கோபம். "விக்கிறவனுக்கு எதுக்கு இந்தக் கேள்வி" என்று அண்ணனும் சொல்கிறான். யார் சொல்வது சரி? (வாசகி, மன்னார்குடி அருகில்)

கடைக்காரர் கேட்டதுதான் சரி. அப்படிக் கேட்கிற ஆள் உங்கள் ஊரில் இருப்பது நல்ல விஷயம், அவரை விட்டுவிடாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள், ஆறு மாதத்தில் டாக்டர் உங்கள் அப்பாவைப் பார்ப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் சில நிமிடங்கள். மெடிக்கல்காரர் பார்ப்பது ஐந்தாறு தடவை. 30 மாத்திரை வாங்கிப் போனவர் 45 நாள் கழித்து வந்து நின்றால் 15 நாள் மருந்து உள்ளே போகவில்லை என்பது அவருக்குக் கணக்குப் போடாமலே தெரிந்துவிடும். டாக்டருக்கு அது தெரியாது. அவர் முன்னால் இருப்பது ரத்தப் பரிசோதனைக் காகிதம், அதில் சுகர் ஏறியிருக்கிறது. "ஒழுங்காப் போடுறீங்களா?" என்று அவர் கேட்பார், "போடுறேன் சார்" என்று இவர் சொல்வார், மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டி எழுதுவார். கூட்டி எழுதிய மாத்திரையைப் புது பயத்தில் ஒரு நாளும் விடாமல் போட ஆரம்பித்தால், சிலருக்கு சுகர் தடாலென்று இறங்கி வியர்த்து மயங்கி விழுகிற நிலை வரும். இதெல்லாம் அடிக்கடி நடக்கிற விஷயம். நடுவில் ஒருவர் "லேட்டா வந்திருக்கீங்களே" என்று கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

நீண்ட கால நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களில், பணக்கார நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இலேயே ஓர் அறிக்கையில் சொன்னது, ஏழை நாடுகளில் அதைவிடக் குறைவு என்றும் சொன்னது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இத்தனை பேரையும் மாதா மாதம் உட்கார வைத்துப் பேச டாக்டர்கள் இல்லை. ஆனால் பஸ் நிற்கிற ஊர் எதிலும் ஒரு மெடிக்கல் இருக்கிறது.

அதற்காக அவர் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எது எதோடு சேரக் கூடாது, எத்தனை நாளில் தீரும், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும், இதெல்லாம் அவர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை அவருடைய வேலையாகவே வைத்திருக்கின்றன, ஆகவே அண்ணன் நினைப்பதுபோல இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. ஆனால் அளவை மாற்றுவது, "இது போதலை, இன்னொண்ணு சேர்த்துக்கோங்க" என்று புதிதாக ஒன்றைக் கொடுப்பது, வருடக்கணக்கில் ஒரே சீட்டுக்குக் கேள்வியே கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பது, மூன்றும் கூடாது.

அந்தப் பழைய சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி, திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. யாரும் எழுதுவதில்லை, யாரும் பார்ப்பதுமில்லை. அடுத்த தடவை தஞ்சாவூர் போகும்போது "ஆறு மாதம் தொடரலாம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்ற தேதியையும். கடைக்காரருக்கும் அது ஒரு பிடி, தேதி தாண்டினால் அவரே கேட்பார். மூன்று மாத சராசரி சுகர் டெஸ்ட், வருடத்துக்கு ஒரு தடவை கிட்னி, கண், பாதம், இவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தது என்று அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

இன்னொன்று. கவுன்டரில் நிற்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநரா என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர்தான் என்று 1948-ஆம் வருட மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. பல கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும், ஆள் வேறெங்கோ இருப்பார், எடுத்துக் கொடுப்பது பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்த பையன். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வலிக்கிற விஷயம் இது. அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, சான்றிதழை மாத வாடகைக்கு விடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். சுகர், பிரஷர், கொழுப்பு என்று மூன்று மாத்திரை. மாதம் 900 ரூபாய்க்குக் கிட்ட ஆகிறது. கையில் காசு இல்லாதபோது பத்துப் பத்தாக வாங்குவேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு ஓட்டுவேன். பாதியாவது உள்ளே போகிறதே, பரவாயில்லைதானே? (வாசகர், திருப்பூர்)

இல்லை தம்பி, பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சுகருக்குப் பொதுவாகக் கொடுக்கிற மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மேல் உடம்பில் தங்கி வேலை செய்யாது. நீங்கள் விட்ட நாளில் சுகர் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, கிட்னிக்கும் கண்ணுக்கும் மட்டும் தெரியும்.

காசுதான் பிரச்சினை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரிடமும் மெடிக்கலிலும். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையைக் குறைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அதே மருந்து ஜெனரிக்காக, அதாவது பிரபல கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே, கிடைக்குமா என்று கேளுங்கள். மக்கள் மருந்தகம் என்கிற மத்திய அரசுக் கடைகள் இருக்கின்றன, 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள், திருப்பூரிலும் விசாரித்தால் சொல்வார்கள். உங்களுக்கு எழுதியிருக்கிற வகை மாத்திரைகள் பழைய, நன்றாகப் பழகிய மருந்துகள், அவற்றை விலை அதிகமான பெயரில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதைவிட முக்கியம், சுகருக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், 2024-இல் ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. வேலை செய்கிற இடத்திலேயே பரிசோதனை செய்ய தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று ஒன்றும் இருக்கிறது, உங்கள் கம்பெனிக்கு வருவார்களா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். பகலில் தூங்குகிறவருக்கு ஓ.பி. சீட்டு நேரத்தில் போய் நிற்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். வார விடுமுறைகளில் மாதம் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

நைட் ஷிப்ட் என்பதால் ஒரு எச்சரிக்கை. உங்கள் சுகர் மாத்திரையில் கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு இருந்தால், போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது, சுகர் இறங்கிவிடும். "காலை, இரவு" என்று எழுதிக் கொடுத்ததை உங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் ஷிப்ட் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். திடீரென்று கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள், பக்கத்தில் இருப்பவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். தையல் மெஷின் முன்னால் இருக்கும்போது இது வந்தால் சும்மா சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு மூட்டு வலி. கடையில் காகிதக் கவரில் மூன்று நான்கு மாத்திரையைச் சேர்த்து "செட்" என்று தருகிறார்கள். போட்டால் அன்றைக்கே வலி போய்விடுகிறது, பசியும் நன்றாக எடுக்கிறது என்கிறார். ஒரு வருடமாக வாரத்தில் நான்கைந்து நாள் இதுதான். இப்போது சுகர் 300-க்குக் கீழே வருவதே இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, விழுப்புரம்)

நிறையவே இருக்கலாம். பெயர் இல்லாமல் கவரில் வருகிற செட்டில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்றுப்புண் மாத்திரை, அதோடு சின்னதாக ஒரு ஸ்டீராய்டு இருக்கும், டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். ஒரே நாளில் வலி பறந்து போவதும் பசி எடுப்பதும் அந்தச் சின்ன மாத்திரையின் வேலை. அதுவே சுகரை ஏற்றும், பிரஷரை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், முகம் உப்பிப் போகும். கூட இருக்கிற டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை கிட்னியைப் பாதிக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்.

ஆனால் இதைப் படித்தவுடன் நாளைக்கே செட்டை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. ஒரு வருடமாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு போயிருந்தால் உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும், தடாலென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி ஆபத்து வரைக்கும் போகலாம். மிச்சமிருக்கிற கவரை அப்படியே எடுத்துக்கொண்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே ஜி.எச்.சுக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள், "இதை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார்" என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பார்கள். கிட்னி டெஸ்டும் எடுக்கச் சொல்வார்கள்.

செட் கட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை. வலியோடு வந்து நிற்கிற ஏழைப் பாட்டிக்கு உதவுகிறோம் என்றே உங்களில் பலர் நினைக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவரும் உங்களிடம் வருகிறார். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெயர் தெரியாத மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுப்பது உதவி இல்லை. அவருக்கு நாளைக்கு மயக்கம் வந்து எங்காவது சேர்த்தால், என்ன சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின் ஊசி. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. போன மாதம் சிரிஞ்சு தீர்ந்து வேறு கடையில் வாங்கினேன், மூடி கலர் மாறி இருந்தது. அதனால் ஏதாவது ஆகுமா? (வாசகர், பரமக்குடி)

ஆகும், கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் பாட்டிலில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடுகிற குழாய் மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட், அந்த அளவு சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் உள்ளே போகும். தலைகீழாக, 100 மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. பாட்டிலில் இருக்கிற எண்ணும் சிரிஞ்சில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று வாங்கும்போதே கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிலையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது இன்னும் நல்லது.

ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மண்பானை போதும். மருந்தைத் தண்ணீர் புகாத சின்ன டப்பாவில் போட்டு, ஈரமான பானைக்குள் நிழலில் வையுங்கள். பிரித்துப் பயன்படுத்துகிற பாட்டில் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும், உங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் வைத்தால் தாங்காது. அதனால் இரண்டு மூன்று பாட்டிலைச் சேர்த்து வாங்காமல் ஒவ்வொன்றாக வாங்குங்கள், மீதியைக் கடை ஃபிரிட்ஜிலேயே இருக்கவிடுங்கள். கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண்.

கேள்வி: எப்போதும் வாங்குகிற கம்பெனி மாத்திரை இல்லை, "உள்ளே மருந்து ஒண்ணுதான்" என்று வேறு அட்டை தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், சேலம்)

அட்டையின் பின்னால் இருக்கிற மருந்துப் பெயரும் மில்லிகிராமும் பழைய அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் பெரும்பாலான சுகர், பிரஷர் மாத்திரைகளில் பிரச்சினை இல்லை. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ஓரிரு எழுத்து மாறினாலும் கேட்காமல் விடாதீர்கள், கூட இன்னொரு மருந்து சேர்ந்திருக்கலாம், அல்லது மெதுவாகக் கரைகிற வகையாக இருக்கலாம். தைராய்டு, வலிப்பு மாத்திரைகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். பழைய அட்டை கிடைத்ததும் புதியதையும் சேர்த்துப் போட்டு இரட்டை டோஸ் ஆகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பழையதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: டி.பார்ம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கடையில் நின்று மாத்திரை வெட்டிக் கொடுக்கத்தானே இந்தப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். வெளிநாடுகளில் மருந்தாளுநருக்கு மதிப்பு என்கிறார்கள், அது பணக்கார நாட்டில்தானே சார்? (வாசகர், திண்டுக்கல்)

பணக்கார நாட்டில் மட்டும் இல்லை தம்பி. கானாவில் கிழக்கு மாகாணத்தில் லோயர் மான்யா குரோபோ என்கிற பகுதியில் 2015-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அங்கே ஊருக்கு ஊர் உரிமம் பெற்ற சின்ன மருந்துக்கடைக்காரர்கள் உண்டு, முழு மருந்தாளுநர்கள்கூட இல்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிரஷர் பார்க்கிற மெஷினும் கொடுத்து, அதிகமாக இருப்பவர்களை சமூக நர்ஸிடம் அனுப்ப வைத்தார்கள், மாத்திரையை நினைவூட்ட செல்போனில் செய்தியும் போனது. ஒரு வருடம் தொடர்ந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. நடுவில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர் என்பதையும் அவர்களே சொன்னார்கள், அதனால் மந்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளாதே. ஆனால் பிரஷர் இருப்பதே தெரியாமல் திரிந்தவர்களைக் கண்டுபிடிக்கக் கடையே போதும் என்பது தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவில் 2014-இலிருந்து வேறு வழி. எச்.ஐ.வி., பிரஷர், சுகர் என எது இருந்தாலும், அது கட்டுக்குள் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி நோயாளிகள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம், அவர்கள் பெயர் ஒட்டிய மருந்துப் பொட்டலம் வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் மருந்துக்கடைக்கே வரும், காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊரில் இதை ஏன் செய்யக் கூடாது என்று எனக்கு நீண்ட நாளாக ஆசை. மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் வரும்போது கூலி வேலைக்குப் போயிருப்பவர், ராத்திரி எட்டு மணிக்கு மெடிக்கலில் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ள முடிந்தால் எத்தனை பேருக்கு மாத்திரை விட்டுப்போகாமல் இருக்கும்! கடைக்காரருக்கு ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தால் போதும். மாத்திரை விற்றால்தான் வருமானம் என்கிற வரைக்கும், "இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்கிறவர் நஷ்டப்பட்டுக்கொண்டே இருப்பார், அதை மாற்றாமல் மருந்தாளுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

தான்சானியாவையும் படித்துப் பார். 2003-இல் ருவுமா பகுதியில் கிராமத்து மருந்துக்கடைகளுக்குப் பயிற்சியும் அங்கீகாரமும் கொடுத்து ஆரம்பித்தார்கள், பிறகு நாடு முழுக்கப் பரவியது. மலேரியாவும் குழந்தைக் காய்ச்சலும்தான் அப்போது அவர்கள் கவலை. கடையை மூடுவதைவிட, கடையில் நிற்பவருக்குச் சொல்லிக் கொடுப்பது பலன் தரும் என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

உனக்கு நான் சொல்வது, பயிற்சிக் காலத்தை கையெழுத்துக்காக ஓட்டாதே. பிரஷர் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள், இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று ஒருவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கக் கற்றுக்கொள், அதைத் தப்பாக இழுக்கிற ஆஸ்துமாக்காரர்கள் உன் கடைக்கு வருகிறவர்களிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். ஒரு நோட்டில் மாதாந்திர வாடிக்கையாளர் பெயரும் அடுத்து வர வேண்டிய தேதியும் எழுதி வை. தேதி தாண்டினால் ஒரு போன் போடு.

கேள்வி: மெடிக்கலில் பிரஷர் பார்த்தேன், 150-க்கு 95 என்று காட்டியது. எனக்கு 38 வயதுதான். மாத்திரை தரச் சொன்னேன், தர மாட்டேன் என்றார். (வாசகி, நாகர்கோவில்)

தராதது நல்லது. ஒரு தடவை பார்த்ததை வைத்து மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. காபி, டீ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கால் தரையில் பட, கை மேஜை மேல் இருக்க, இரண்டு தடவை பாருங்கள். வெவ்வேறு நாளில் மூன்று நான்கு தடவை பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு வாய்ப்பு இருந்தாலோ காத்திருக்காமல் உடனே போங்கள், டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் பிரஷருக்குப் பொதுவாகக் கொடுக்கிற சில மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது. 180-க்கு 120-ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் மெடிக்கலுக்குப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.